இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர்

அந்த இடத்தின் பெயர்ப் பலகையை ஒரே மூச்சில் படித்து முடித்தவர்கள் ஆலங்காயம் பக்கத்தில் யாரும் இல்லை. 'நொதிவழி முன்சுத்திகரிப்பு மற்றும் காற்றில்லாச் செரிமான ஒருங்கிணைந்த மாதிரி மையம்' என்று எழுதியிருந்தது. பலகை எழுதியவர் 'ஒருங்கிணைந்த' வரைக்கும் தாராளமாகப் போய்விட்டு, இடம் போதாமல் 'மாதிரி மைய'த்தைக் கடுகளவு எழுத்தில் ஓரத்தில் திணித்திருந்தார். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது கொழுப்புத் தொட்டி. அதற்கு மேல்புறம், நாளொன்றுக்கு முந்நூறு ஆடு அறுபடுகிற இறைச்சிக் கூடம், ஆட்டுத்தொட்டி. ஆட்டுத்தொட்டியைக் கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கொழுப்புத் தொட்டிக்கு வரும். அங்கே சுத்தமாகி ஓடையில் இறங்கும். விஷயம் இவ்வளவுதான், மீதி பலகையில் இருந்தது.

கன்னியம்மாளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தது அவளுடைய ஏழு மனுக்கள். ஆட்டுத்தொட்டிக்குக் கீழே, புங்கன் வட்டம் என்கிற இருபது வீட்டுக் குடியிருப்பில் அவளுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. சுத்தம் செய்யும் தொட்டி வருவதற்கு முன்னால், ஆடு கழுவின தண்ணீர் நேராக ஓடையில் இறங்கி, ஓடையிலிருந்து ஊறி அந்தக் கிணற்றுக்கு வந்தது. காலையில் எட்டிப் பார்த்தால் ஆறிப்போன கறிக்குழம்பின் மேல் படிகிற மாதிரி ஓர் ஆடை. ஏழு மனுவும் ஏழு அலுவலகங்களில் பத்திரமாக இருந்தன. எட்டாவதை எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, ஆட்டுத்தொட்டி மேனேஜர் சதீஸ்குமாரே பைக்கில் வந்து இறங்கினார்.

"யக்கா, மனு எழுதற நேரத்துக்கு வந்து வேல செய்யேன். புதுசா சுத்தம் பண்ற தொட்டி கட்டறோம். ஒங்கெணத்துக்கு நீயே காவல் காத்த மாரி இருக்கும்."

கிண்டலாகத்தான் சொன்னார். அவள் மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய் நின்றுவிட்டாள்.

அவளுக்கு அந்தக் கிணறு வெறும் கிணறு இல்லை. குடும்பம் உடைந்த இடமே அதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால், இந்தத் தண்ணீரில் உலை வைக்க மாட்டேன் என்று மருமகள் ராஜேஸ்வரி கேன் தண்ணீர் வாங்கினாள். "எங்க வூட்டுத் தண்ணி ஒனக்கு நாறுதா? எம்புள்ள இதக் குட்ச்சிதான்டி வளந்தான்" என்று கன்னியம்மாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். அதே வாரம் அதே தண்ணீர் நாறுகிறது என்று தாலுகா ஆபீஸில் மனு கொடுத்திருந்தாள். ஊராரிடம் ஒத்துக்கொள்ள முடிந்ததை மருமகளிடம் ஒத்துக்கொள்ள அவளுக்கு நா எழவில்லை. பேத்தி தேவயானி வயிற்றுப்போக்கில் வாணியம்பாடி ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்து வந்த பிறகு, மகன் இளவரசன் குடும்பத்தோடு திருப்பூருக்கு, பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். "தண்ணி சரியாச்சுன்னா சொல்லும்மா, வர்றோம்" என்றதோடு சரி.

தொட்டியைக் கட்டியது சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் இளவழகன். இருபத்தெட்டு வயது, சட்டைப் பையில் நாலு பேனா, வாயில் நானூறு இங்கிலீஷ் வார்த்தை. முதல் நாள் எல்லாரையும் உட்கார வைத்துத் திரையில் படம் காட்டினான். மலைமேலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் நதியா மூன்றாவது படத்திலேயே தூங்கிவிட்டாள். கன்னியம்மாள் மட்டும் கடைசிவரை முழித்திருந்து, "இந்த மாவு இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டாள். மாவு என்றது நொதிப் பொடியை.

இளவழகன் கொஞ்சம் யோசித்து, அன்றைக்கு முதல்முறையாகத் தமிழில் பேசினான். "மூடின தொட்டிக்குள்ள இருக்கற நுண்ணுயிருங்கதான்மா அழுக்கத் தின்னு கேஸ் குடுக்குது. ஆனா கொழுப்பு அப்படியே போனா அதுங்க மேல அப்பிக்கும். தின்ன முடியாம செத்துடும். அதனால முன்னாடி ஒரு வெதுவெதுப்பான தொட்டியில இந்தப் பொடியப் போட்டு, கொழுப்ப சின்னச் சின்னதா ஒடச்சு அனுப்பறோம். குழந்தைக்கு சோறு பெசஞ்சு ஊட்டற மாதிரி."

"அப்ப எனக்கு ஆயா வேலன்னு சொல்லு."

"அதேதான்."

அந்த ஒரு பேச்சைத் தவிர அவனுடைய படிப்பு மொத்தத்தில் அவளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. பொடி ஓர் அளவுக் குவளை. கூடினால் கொழுப்பு ஒரேயடியாக உடைந்து அடுத்த தொட்டி புளித்துப்போகும். எட்டு மணி நேரம் தொட்டியைக் கலைக்கக் கூடாது. கை பொறுக்கிற சூடு போதும். முதல் மாதத்திலேயே இரண்டு வெப்பமானியும் உடைந்துவிட்டன. அதன் பிறகு அவளுடைய முழங்கைதான். மூடின தொட்டிக்கு உயிர் கொடுக்க வேண்டிய சாணக் கரைசலை நதியா மலையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தாள். லக்கேஜ் டிக்கெட் கேட்டுக் குனிந்த கண்டக்டர், நிமிர்ந்தபோது வேண்டாம் என்றுவிட்டார்.

காலையில் ஒரு விளக்குமாற்று ஈர்க்கைத் தொட்டித் தண்ணீரில் விட்டு எடுத்துப் பார்ப்பாள். ஆரம்பத்தில் ஈர்க்கைச் சுற்றி மெழுகு மாதிரி வளையம் ஒட்டியது. மாதம் ஆக ஆக வளையம் மெலிந்தது. தை மாதத்தில் ஈர்க்கு சுத்தமாக வந்தது. மூடின தொட்டியிலிருந்து குழாய் இழுத்து வைத்த அடுப்பில் கேஸ் நீலமாக நின்று எரிந்தது. பங்குனியில் அவள் கிணற்றின் மேல் ஆடை இல்லை. இளவழகன் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் பரிசோதித்து, குடிக்கலாம் என்று சொன்னான். அன்றைக்கு அந்தத் தண்ணீரில் சோறாக்கித் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்ட கையோடு திருப்பூருக்குப் போன் போட்டாள்.

"வாங்கடா. கெணறு தெளிஞ்சிடுச்சி."

இளவரசன் கம்பெனியில் வைகாசியோடு நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தான். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்துவிடுவதென்று பேச்சு.

சித்திரையில் தொடக்க விழா வந்தது. எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்த தொட்டிக்கு எதற்குத் தொடக்க விழா என்று கேட்கக் கூடாது. சிறப்பு விருந்தினருக்கு அதற்கு முன்னால் நாள் ஒழியவில்லை. அவர் தொடங்கி வைக்காதவரை எதுவும் தொடங்கியதாக ஆகாது.

மேடை போடத் தோதான சமதளம் வாய்க்காலுக்கும் வெதுவெதுப்புத் தொட்டிக்கும் நடுவில்தான் இருந்தது. வாய்க்காலை அடைக்கிற இரும்புப் பலகையின் கைப்பிடியும் அங்கேதான் நீட்டிக்கொண்டிருந்தது. பந்தல்காரர் கைப்பிடியைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, மேலே பலகை அடித்துச் சிவப்புக் கம்பளம் விரித்தார்.

அடுப்புக்குப் பின்னால் திரை கட்டி அதற்குள் ஒரு சமையல் கேஸ் சிலிண்டரை வைத்தார்கள். "நம்ம கேஸே சோக்கா எரியுதே சார்" என்றாள் கன்னியம்மாள்.

"எரியும் யக்கா, யாரு இல்லன்னா? ஆனா அவரு தீக்குச்சி கிழிக்கற நொடில எரியணும் பாரு" என்றார் சதீஸ்குமார். இளவழகன் ஏதோ சொல்ல வாயெடுத்து, பேனாக்களைச் சரிசெய்துகொண்டான்.

நம் பக்கத்தில் பெரிய மனிதர் வருகிறார் என்பதைச் சொல்வது சைரன் அல்ல, பிளீச்சிங் பவுடர். அது எந்தக் கிருமியைக் கொல்கிறது என்று யாரும் பார்த்ததில்லை, மரியாதைக்குப் போடுவது. விழாவன்று காலையில் இரண்டு மூட்டை வந்து இறங்கியது. கேட்டிலிருந்து மேடை வரை பாதையின் இருபுறமும் வெள்ளைக் கோடு. கோடு முடிந்தும் பொடி மிஞ்சியதால் ஒவ்வொரு தொட்டியையும் சுற்றி ஒரு வட்டம். அப்போதும் மிஞ்சியதை வாசலில் கொட்டித் தாமரைப் பூ மாதிரி ஒன்று போட்டார்கள்.

விருந்தினர் வர அரை மணி இருக்கும்போது அவருடைய உதவியாளர் முன்னால் வந்தார். ஒரு பார்வை பார்த்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

"யாருய்யா இதப் போடச் சொன்னது? ஐயாவுக்கு மூக்கு ஒத்துக்காது. தும்ம ஆரம்பிச்சா முப்பது தும்முவாரு. கழுவுங்க ஜல்தி."

நாலு பேர் குழாயைத் திருப்பிவிட்டுத் தாமரையையும் வட்டங்களையும் கோடுகளையும் கழுவினார்கள். அந்த வளாகத்தில் எந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றினாலும் வாய்க்காலுக்குத்தான் வரும்; அப்படித்தான் தரை சாய்த்துப் போடப்பட்டிருந்தது, இன்ஜினியரின் திறமை. பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் வாய்க்காலில் திரும்புவதைக் கன்னியம்மாள் பார்த்தாள்.

அவள் மேடைக்கு ஓடி மண்டியிட்டுக் கம்பளத்தைத் தூக்கினாள். உள்ளே பலகை. பலகைக்கு அடியில்தான் அடைப்பு.

"யக்கா, இன்னா பண்ற நீ?" சதீஸ்குமார் ஓடிவந்தார்.

"வாய்க்கால அடைக்கணும் சார். அந்தத் தண்ணி தொட்டிக்குள்ள போனா அத்தினியும் செத்துடும்."

"இப்ப மேடையப் பிரிக்கச் சொல்றியா? கார் ஆலங்காயம் தாண்டிடுச்சி."

"சார், எட்டு மாசம்..."

"ஒரு நாளு பொறுத்துக்கோ. ஒன்னியப் பத்தி அவருகிட்ட சொல்லப்போறேன். போ, போய்த் தட்ட வாங்கிக்கோ."

நதியா அவள் கையில் பூத்தட்டைக் கொடுத்தாள். காலையில் கொடுத்த புதுச் சேலை மொடமொடவென்றிருந்தது. கத்தியிருக்கலாம். தட்டைப் போட்டுவிட்டு மேடைப் பலகையைக் கடப்பாறையால் பெயர்த்திருக்கலாம். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு, சொன்ன இடத்தில் நின்றாள். பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தும் தன்னை நிற்க வைத்தது பயமா, சேலையா, இன்னும் கொஞ்ச நேரத்தில் தன் பெயரைச் சொல்லுவார்களோ என்கிற நப்பாசையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெயரைச் சொல்லவில்லை. சிறப்பு விருந்தினர் கழிவு என்று ஒன்றும் உலகத்தில் இல்லை, கழிவான எண்ணம்தான் உண்டு என்று முக்கால் மணி நேரம் பேசினார். தீக்குச்சி கிழித்தார். அடுப்பு பக்கென்று பற்றியது. "இந்தத் தீ இனி அணையாது" என்றார். நாலு கேமரா அதைப் பிடித்தது. ஒரு தும்மல்கூட வரவில்லை.

மூன்றாம் நாள் ஈர்க்கில் வளையம் ஒட்டியது. ஐந்தாம் நாள் மூடின தொட்டியின் ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி பொங்கி வழிந்தது. ஊறுகாய் கெட்டுப்போன மாதிரி ஒரு நாற்றம். இளவழகன் வந்து புளிப்பு பார்க்கிற காகிதம் ஒன்றை நனைத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

"செத்துப்போச்சா சார்?"

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா. 'நிலைப்படுத்தும் காலம்'னு எழுதணும்."

"எழுதிக்கோ. செத்துப்போச்சா?"

அவன் தலையாட்டினான். "எல்லாத்தையும் எறச்சுட்டு, மறுபடி சாணம் போட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஆறு மாசம், எட்டு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் ஆடு அறுக்காம இருப்பாங்களா?"

தொட்டி நிரம்பியதும் சதீஸ்குமார் பக்கவாட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். கொழுப்புத் தண்ணீர் நேராக ஓடைக்குப் போனது. அறிக்கையில் நிலைப்படுத்தும் காலம் நடந்துகொண்டிருந்தது. அடுப்பில் மட்டும் தீ எரிந்தது. விழா முடிந்து சிலிண்டரை எடுக்கப்போன நேரத்தில் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு குழு பார்க்க வந்துவிட்டது. அதன் பிறகு வாரம் இரண்டு குழு. எடுக்க நேரமே கிடைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் கிணற்றின் மேல் ஆடை படிந்திருந்தது.

கன்னியம்மாள் போன் போட்டபோது இளவரசன் சாமான் கட்டிக்கொண்டிருந்தான்.

"இப்ப வராதீங்கடா. தண்ணி கெட்டுப்போச்சி."

"இன்னாம்மா சொல்ற? போன மாசந்தான சோறாக்கித் துன்னேன்ன?"

"தொட்டி செத்துப்போச்சிடா. பிளீச்சிங் பவுடர் வுட்டுட்டாங்க."

"வீடியோ பாத்தேனே. கம்பெனியே பாத்துச்சி. நீ தட்டு வெச்சிக்கினு நிக்கற, பின்னாடி தீ எரியுது. பாப்பா எல்லார்கிட்டயும் எங்க ஆயானு காட்டறா."

"அது சிலிண்டருடா."

"அவ்ளோ பெரிய மன்சன் வந்து ஏத்துன தீ சிலிண்டருங்கற."

"சத்தியமா."

"ம்மா. அப்ப தண்ணி கெட்டுக் கெடந்துச்சி, நீ நல்லா இருக்குதுன்ன. இப்ப ஊரே நல்லா இருக்குதுங்குது, நீ கெட்டுப்போச்சிங்கற. நீ எதச் சொன்னாலும் ராஜேஸ்வரிக்குத்தான் எதிரா இருக்குது."

அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் கல்லூரிப் பிள்ளைகள் நாற்பது பேர் பார்க்க வந்தார்கள். சதீஸ்குமார் அடுப்பைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். கன்னியம்மாள் திரைக்குப் பின்னால் போய்ச் சிலிண்டரைத் திருகி மூடினாள். தீ சுருங்கி, இரண்டு முறை துடித்து, அணைந்தது. இப்போதாவது யாராவது ஏன் என்று கேட்பார்கள், யாராவது படமெடுப்பார்கள், அதையாவது மகன் பார்ப்பான் என்று காத்திருந்தாள். செயல்விளக்கம் முடிந்தது என்று நினைத்து நாற்பது பேரும் கைதட்டினார்கள். கூட வந்த பேராசிரியர் அவளுக்கும் சேர்த்து நன்றி சொன்னார்.

அவர்கள் போன பிறகு சதீஸ்குமார் அவளைத் திட்டவில்லை. "எனக்குந் தெரியும் யக்கா" என்றார் சன்னமாக. "மேல சொன்னா தொட்டிக்கு ஆன செலவு என் தலைல விடியும். நானும் புள்ளகுட்டிக்காரன்." போய்ச் சிலிண்டரைத் திறந்துவிட்டார்.

"கெணத்த போட்டோ புட்ச்சி அனுப்பு அத்தே" என்றாள் நதியா. "கண்ணால பாத்தா நம்புவாரு." வேலை முடிந்து அவளே கூட வந்து, கிணற்று மேட்டில் படுத்துக்கொண்டு எடுத்தாள். நாற்றம் படத்தில் விழவில்லை. கொழுப்பு ஆடையின் மேல் சாயங்கால வெயில் பட்டு, ஊதாவும் மஞ்சளுமாக, சவ்வாது மலையின் முகடு அதில் தெரிய, காலண்டரில் போடலாம் போலிருந்தது.

"இன்னொண்ணு எடுக்கறேன்" என்று நதியா எட்டு படம் எடுத்தாள். எட்டும் அழகாக இருந்தன. இருப்பதற்குள் மோசமான ஒன்றை அனுப்பினார்கள்.

நதியாவின் போனிலேயே திருப்பூரிலிருந்து பேத்தியின் குரல் வந்தது. "ஆயா, கெணறு சூப்பரா இருக்குது. நான் அதுல நீச்சல் கத்துக்கவா?"

அதற்குப் பின்னால் இளவரசன். அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "ம்மா, ஒண்ணு கேக்கறேன், ஒழுங்கா சொல்லு. சூப்பர்வைசர் நாளைக்குள்ள கேக்கறாரு. வேற ஆளு போடறதா, என்னையே வெச்சிக்கறதானு. வரட்டா, வேணாமா?"

"தண்ணிதான்டா..."

"தண்ணிய வுடு. தண்ணி எப்பிடி இருந்தாலும் நான் வந்து பாத்துக்கறேன். லாரித் தண்ணி வாங்கறேன், கேன் வாங்கறேன். நீ வான்னா வரேன். தண்ணி சாக்கு மட்டும் சொல்லாத."

கன்னியம்மாள் கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள். வா என்றால் வந்துவிடுவான். வந்து பார்த்தால் அம்மா பொய் சொல்லவில்லை என்று ஒரே நிமிஷத்தில் தெரிந்துபோகும். ராஜேஸ்வரிக்கும் தெரியும். அது ஒரு நாள். அடுத்த நாள் அவனுக்கு வேலை இருக்காது. நிலத்துக்குப் பாய்ச்சத் தண்ணீர் இருக்காது. கேன் தண்ணீர் வாங்குவார்கள். ஆனால் ஆறு வயசுப் பிள்ளை கேனைப் பார்த்தா குடிக்கும், கிணறு இவ்வளவு அழகாக இருக்கும்போது.

"இளவரசா."

"சொல்லு."

"வேணாம்டா. ஒம்பொண்டாட்டியோட எனக்குத் தோதுப்படாது. இத்தினி நாளு தனியா இருந்து பழகிட்டேன். வந்தா மறுபடியும் சண்டதான். அங்கயே இருங்க."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. சத்தியம் வேண்டாம், படம் வேண்டாம், சாட்சி வேண்டாம். அவன் உடனே நம்பிவிட்டான்.

"இத மொதல்லயே சொல்லி இருக்கலாம்லம்மா" என்றான். "நானா எத எதயோ பேசிட்டேன். சரி. ஒடம்பப் பாத்துக்கோ."

நதியா போனை வாங்கி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவள் போக வேண்டும். போகாமல் நின்றாள்.

அரை மணி கழித்துக் கன்னியம்மாளின் பட்டன் போன் அடித்தது. ராஜேஸ்வரி. நாலு வருஷத்தில் முதல் தடவை.

"அத்தே, அவரு சூப்பர்வைசர்கிட்ட சொல்ட்டாருங்க. வேல இருக்குதாம். பாப்பாவ இங்கயே ஸ்கூல்ல சேத்துடறோங்க." ஒவ்வொரு சொல்லிலும் ஒரு 'ங்க' இருந்தது, பாங்கி ஆளிடம் பேசுகிற மாதிரி. "உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு குடுக்க மாட்டோங்க."

"சரிம்மா" என்றாள் கன்னியம்மாள். "பாப்பாவுக்குக் காய்ச்சின தண்ணியே குடு."